‘டிஸ்பென்ஸ் வித்’ படுத்திய பாடு

மட்டுவார்குழலிக்கு ஆங்கிலத்தில் தைரியமாகச் சொல்லக்கூடிய வார்த்தைகள் அதிகம் இல்லை. இருந்தவற்றில் ஒன்று ‘டிஸ்பென்ஸ்’. உறையூரில் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு டி.ஃபார்ம் சேர்ந்த புதிதில், வகுப்பில் பாதி பாடம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது, சட்டென்று பிடிபட்ட வார்த்தை அது. டிஸ்பென்ஸ் என்றால் கொடுப்பது. டாக்டர் எழுதிய சீட்டைப் படித்து, சரியான மருந்தை எடுத்து, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கவரில் எழுதி, உரியவர் கையில் கொடுப்பது. அந்தப் பெயரிலேயே ஒரு பாடம் இருந்தது. மற்றதில் எல்லாம் தட்டுத்தடுமாறித் தேறியவள் அதில் மட்டும் நல்ல மார்க் வாங்கினாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் மருந்துக் கவுண்டர் அவள் பொறுப்பு. கணவர் தமிழ்மணி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மகள் பவித்ரா துவாக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலையில் மூன்று பேரும் உறையூர் வீட்டிலிருந்து மூன்று திசையில் கிளம்புவார்கள். குழலி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்று நின்று போய்ச் சேரும்போது கவுண்டர் முன்னால் ஏற்கெனவே நாலு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர். அவள் கோபம் எல்லாம் ஒரே விஷயத்தில்தான். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் கையை நீட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. முன்னறையில் டோக்கன் மெஷின் ஒன்று உண்டு. டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர் அங்கே டோக்கன் எடுத்து, நம்பர் வந்ததும் கவுண்டருக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பாதிப் பேர் டோக்கன் எடுப்பதில்லை. “ஒரே ஒரு மாத்திரைதாங்க” என்பார்கள். “கோயிலுக்குப் போகணும், நடை சாத்திடுவாங்க” என்பார்கள். ட்ரஸ்டி வீட்டுக்காரர்கள் எதுவும் சொல்லாமலே நீட்டுவார்கள். டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவள் மில்லிகிராம் பார்த்து மருந்து எடுக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் அப்துல் சலாம் பில் போடுகிறவர், அமைதியானவர். “விடுங்க மேடம், நாம பாட்டுக்குக் குடுத்துட்டுப் போவோம்” என்பார். அவளால் விட முடிந்ததில்லை.

போன ஆண்டு ஸ்ரீநாத் என்பவர் புதிய நிர்வாக அதிகாரியாக வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்தான், ஆனால் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஊழியர் குரூப் ஒன்றைத் தொடங்கி, எதையும் சர்க்குலராகவே போட ஆரம்பித்தார். எல்லாம் ஆங்கிலத்தில். குழலி ஒரு நாள் மதியம் கூட்டம் குறைந்ததும் மாடிக்குப் போய் அவரைப் பார்த்தாள்.

“சார், டோக்கனால தினமும் சண்டையா இருக்கு. இதுக்கு நீங்கதான் ஒரு வழி பண்ணணும்.”

“நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம். சிசிடிவில பாத்தாலே தெரியுது. ஒரு முடிவு எடுத்துடறேன்.”

“கண்டிப்பா பண்ணுங்க சார். இப்படி அரைகுறையா இருக்கறதுக்கு…”

“அதேதான் நானும் நினைக்கறேன். அரைகுறையா வேண்டாம்” என்றார் அவர்.

தன் மனதில் இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் படி இறங்கினாள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அந்த வாரக் கடைசியில் குரூப்பில் சர்க்குலர் வந்தது. இரண்டே வரி. ‘தி டோக்கன் சிஸ்டம் அட் தி ஃபார்மசி ஷால் பி டிஸ்பென்ஸ்டு வித் வித் எஃபெக்ட் ஃப்ரம் மண்டே.’ அடுத்த வரி, எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்பது.

குழலி அதை நிதானமாகத்தான் படித்தாள். டோக்கன் சிஸ்டம் தெரிந்தது. டிஸ்பென்ஸ் தெரிந்தது. வித் எஃபெக்ட் ஃப்ரம் மண்டே என்பது எல்லா சர்க்குலரிலும் வருவதுதான், திங்கட்கிழமை முதல். நடுவில் ‘வித்’ மட்டும் இரண்டு தடவை இருந்தது.

“சலாம் பாய், இங்க பாருங்க. வித் வித்னு வந்திருக்கு.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அவசரத்துல ரெண்டு வாட்டி அடிச்சிருப்பாங்க மேடம். என் பேத்தி ஹோம்வொர்க்குலயும் அப்படித்தான் வரும்.”

அவளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஒரு ‘வித்’தை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாக நின்றது. டோக்கன் முறை திங்கள் முதல் கொடுக்கப்படும். கொஞ்சம் கோணலான ஆங்கிலம், ஆனால் சர்க்குலர் என்றால் அப்படித்தானே இருக்கும். இனிமேல் டோக்கனோடுதான் மருந்து. அவள் கேட்டது நடந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது அதுவே முதல் முறை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில், சத்திரத்தில் ஸ்டேஷனரி கடையில் வெள்ளை சார்ட் பேப்பரும் மார்க்கரும் வாங்கினாள். பவித்ராவிடம் கொடுத்து எழுதச் சொல்லவில்லை, தானே எழுதினாள். ‘திங்கள் முதல் டோக்கன் இல்லாமல் மருந்து வழங்கப்பட மாட்டாது. தயவுசெய்து வரிசையில் வரவும்.’

திங்கட்கிழமை காலையில் அதைக் கவுண்டர் கண்ணாடியில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள்.

அதே காலையில் முன்னறையில் சௌமியா டோக்கன் மெஷினை அணைத்து, அதன் மேல் உறையைப் போட்டு மூடினாள். சௌமியா உத்திர வீதிப் பெண். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளும் அதே சர்க்குலரைத்தான் படித்திருந்தாள்.

முதலில் வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு டோக்கன் எடுக்க முன்னறைக்குப் போனார்கள். அங்கே “இனிமே டோக்கன் கிடையாதுங்க, நேரா கவுண்டருக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். கவுண்டரில் குழலி, “டோக்கன் எடுத்துட்டு வாங்க, போர்டு பாக்கலையா?” என்றாள். போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் நடைபாதை முழுக்க ஆட்கள். யார் எதற்கு நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை.

மண்ணச்சநல்லூரிலிருந்து வந்திருந்த அழகர்சாமி என்ற விவசாயி அதில் ஒருவர். சர்க்கரைக்காரர், காலில் புண் ஆறாமல் கட்டுப் போட்டுக்கொண்டு போக வருவார். அன்று டாக்டர் புதிய மாத்திரை எழுதியிருந்தார். கட்டுப் போட்ட காலோடு அவர் கவுண்டருக்கும் முன்னறைக்கும் நடையாய் நடந்தார்.

“அந்தப் பொண்ணு இல்லைங்குது, நீங்க வேணுங்கறீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?”

“ஐயா, நீங்க அங்கேயே நின்னு கேட்டு வாங்குங்க. சும்மா சொல்வாங்க. இன்னையிலேருந்து டோக்கன் உண்டு, ஆர்டர் வந்திருக்கு” என்றாள் குழலி.

சொல்லிவிட்டு இன்டர்காமை எடுத்தாள்.

“சௌமியா, ஏன் டோக்கன் குடுக்காம அனுப்பறீங்க?”

“டோக்கனையே எடுத்தாச்சு மேடம். சர்க்குலர் பாக்கலையா?”

“பாத்துட்டுத்தான் பேசறேன். டோக்கன் குடுக்கணும்னு தெளிவா போட்டிருக்கு.”

“மேடம், டிஸ்பென்ஸ்டு வித்னு போட்டிருக்கு.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். டிஸ்பென்ஸ். டிஸ்பென்ஸ்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தரப் போறீங்களா?”

அந்தப் பக்கம் சௌமியா யாரிடமோ “நேரா கவுண்டருக்குப் போங்க” என்றாள். பிறகு, “மேடம், கூட்டமா இருக்கு, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். அது திமிர் என்று குழலிக்குப் பட்டது. உண்மையில் அங்கேயும் கூட்டம் இருந்தது.

அழகர்சாமி திரும்பவும் கவுண்டருக்கு வந்தார். இந்தத் தடவை சீட்டை நீட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்க டோக்கனும் வேணாம், மருந்தும் வேணாம். நீங்களே வச்சுக்குங்க” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். காலை இழுத்து இழுத்து வாசலைப் பார்த்து நடந்தார். குழலி “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டாள். அதற்குள் கண்ணாடி ஓட்டையில் மூன்று கைகள் நீண்டிருந்தன.

யாரோ போய்ச் சொல்லி, ஸ்ரீநாத் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்ததும் முதலில் கண்ணாடியில் இருந்த போர்டைப் பார்த்தார்.

“இதை யார் ஒட்டினது?”

“நான்தான் சார். நீங்கதானே ஆர்டர் போட்டீங்க.”

“நான் என்ன ஆர்டர் போட்டேன்?”

“டோக்கனைக் கண்டிப்பா குடுக்கணும்னு…”

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “மேடம். டிஸ்பென்ஸ் வித் அப்படின்னா இனிமே வேண்டாம்னு விட்டுடறது. எடுத்துடறது. டோக்கன் சிஸ்டத்தை எடுத்தாச்சு. அதுதான் சர்க்குலர்.”

“டிஸ்பென்ஸ்னா குடுக்கறது சார்.”

“டிஸ்பென்ஸ்னா குடுக்கறது. டிஸ்பென்ஸ் வித்னா விடறது. நீங்க ஃபார்மசிஸ்ட். இந்த ஒரு வார்த்தையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?”

வேண்டுமென்று அவமானப்படுத்த அவர் சொல்லவில்லை. எரிச்சலில் வந்துவிட்டது. ஆனால் நடைபாதையில் நின்ற அத்தனை பேர் முன்னால் சொன்னார். பின்னால் ஒருவர் சிரித்தார். ஒரு இளைஞன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். குழலி போர்டைப் பிய்த்தாள். டேப் பாதி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு மதியம் வரை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மருந்து கொடுத்தாள். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்தாள். தனக்குத் தெரிந்தது என்று நினைத்த எதுவும் அன்றைக்கு அவளுக்கு உறுதியாக இல்லை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தமிழ்மணி என்னவென்று கேட்டார். சொன்னாள்.

“இதுக்குப் போயா? பெரிய ஆபீஸர்னா நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வாங்க. விட்டுத் தள்ளு.”

“எதை விட்டுத் தள்ளறது? என் பொழைப்பே அந்த வார்த்தைதான். அதை எனக்குத் தெரியலைங்கறாரு.”

பவித்ரா செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தாள். “அம்மா, அவர் சொல்றது சரிதான். டிஸ்பென்ஸ் மட்டும் வந்தா குடுக்கறது. ஏடிஎம்ல பணம் வருதுல்ல, அதுக்கும் அதே வார்த்தைதான். பக்கத்துல வித் வந்துட்டா, அது இல்லாமலே நடத்திக்கறது. தேவையில்லைன்னு ஒதுக்கறது.”

“வித்னா ‘ஓட’. டோக்கனோட, சீட்டோட. சரியா?”

“சரி.”

“அப்ப இதுல எதோட?”

“எதோடயும் இல்லம்மா. ரெண்டும் சேர்ந்து ஒரே வார்த்தை மாதிரி. பிரிச்சுப் பாக்கக் கூடாது.”

“எதோடயும் இல்லாததுக்கு எதுக்கு வித்?”

பவித்ரா சிரித்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “நாமளும் அப்படித்தாம்மா பேசறோம். அப்பா இப்ப ‘விட்டுத் தள்ளு’ன்னாரு. எதைப் பிடிச்சுத் தள்ளப் போறோம்? ‘கைவிட்டுட்டான்’னு சொல்றோம். கையை எங்க விட்டான்?”

“அது நமக்குச் சின்ன வயசுலேருந்து காதுல விழுது. இது எங்க விழுந்துச்சு எனக்கு? யாரு இப்படிப் பேசறா?”

“யாரும் பேச மாட்டாங்க. எங்க காலேஜ்ல யாராவது இப்படிப் பேசினா ஓட்டித் தள்ளிடுவாங்க. இது ஆபீஸ் லெட்டர், கோர்ட்டு, மேடை, அந்த மாதிரி இடத்துக்குத்தான். ‘சம்பிரதாயமெல்லாம் வேண்டாம், நேரா விஷயத்துக்கு வருவோம்’னு மேடையில சொல்வாங்கல்ல, அதுக்கு. ‘கோர்ட்டுக்கு நேர்ல வரத் தேவையில்லை’ன்னு ஜட்ஜ் விலக்கு குடுப்பாங்கல்ல, அதுக்கும் இதுதான்.”

“அப்ப அந்த ரெண்டாவது வித்?”

“அது அடுத்த வார்த்தையோடது. வித் எஃபெக்ட். ரெண்டுமே சரிதாம்மா. மிஸ்டேக் இல்லை.”

குழலி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். ‘வேண்டாம்’ என்று நாலு எழுத்தில் சொல்ல வேண்டியதற்கு, கொடுப்பது என்று பொருள்படும் வார்த்தையைக் கொண்டுவந்து வைத்து, அதன் வாலில் ஒரு ‘வித்’தைக் கட்டி, அந்த வாலைப் பார்க்காதவளைத் ஊரே பார்க்கத் திட்டுவது என்ன நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. ஸ்ரீநாத் எழுதியதில் தப்பில்லை. பவித்ரா சொன்னதில் தப்பில்லை. தான் படித்ததிலும் அப்படி என்ன பெரிய தப்பு என்றுதான் அவளுக்குப் பட்டது.

இரண்டு நாள் கழித்து மாடியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நடந்த களேபரம் வீடியோவாக ட்ரஸ்டிகள் வரைக்கும் போய்விட்டதாம். குழலி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அவள் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். ஸ்ரீநாத் அதை வாங்கிப் படித்தார், முழுக்கவும் படித்தார்.

“எனக்குப் புரியுது மேடம். ஆனா ஃபைல்ல இங்கிலீஷ்லதான் வைக்கணும். ட்ரஸ்டில ஒருத்தர் பெங்களூர்ல இருக்காரு, தமிழ் படிக்க வராது. சௌமியாகிட்ட சொல்லியிருக்கேன், எழுதித் தருவா.”

சௌமியா மதியம் டிபன் பாக்ஸோடு மருந்தறைக்கே வந்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. அன்றைக்கு இன்டர்காமில் இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் எழுதிக் கொண்டுவந்த தாளை நீட்டினாள்.

குழலி பேனாவை எடுக்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்தாள்.

“இது என்ன?”

“அபைட் பை. கட்டுப்பட்டு நடப்பேன்னு அர்த்தம் மேடம்.”

“பை எதுக்கு?”

“அது… அது கூடவே வரும்.”

“எடுத்துட்டா?”

சௌமியா யோசித்தாள். “எடுத்துட்டா பொறுத்துக்கறதுன்னு ஆயிடும்னு நினைக்கறேன். ‘பொறுத்துக்க முடியல’ன்னு சொல்றப்ப வரும்.”

“பாத்தீங்களா. இது?”

“ரிஃப்ரெயின் ஃப்ரம். செய்யாம இருக்கறது.”

“இங்க ஃப்ரம் வந்தா செய்யாம இருக்கறதா? ஃப்ரம் மண்டேன்னா திங்கள்லேருந்து செய்யறதுதானே?”

“அது வேற ஃப்ரம் மேடம்.”

“எல்லாம் வேற வேற. அப்புறம் இது, புட்டிங் அப் போர்ட்ஸ். அப்னா மேல. கீழ ஒட்டினா பரவாயில்லையா?”

சௌமியாவுக்குச் சிரிப்பு வந்தது. குழலி சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அடக்கிக்கொண்டாள். சலாம் பில் மெஷினைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சரி, நான் எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சே” என்றாள் குழலி. “வித் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு தப்பா அடிச்சதுன்னு நினைச்சேன்னு எழுதியிருந்தேனே. அது எங்க?”

“அதை நான் போடலை மேடம்.”

“ஏன்?”

“அது கொஞ்சம்… சின்னப் பிள்ளைத்தனமா இருக்கும். ட்ரஸ்டிங்க படிச்சா சிரிப்பாங்க. ‘சர்க்குலரைத் தவறாகப் புரிந்துகொண்டேன், வருந்துகிறேன்’னு மட்டும் போட்டிருக்கேன். அதுதான் டீசன்ட்டா இருக்கும்.”

“நடந்தது அதுதானே சௌமியா. வேற எதுவும் நடக்கலையே. ஒரு ‘வித்’தை நான் மனசுலயே எடுத்துட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதை எழுதலைன்னா அப்புறம் அந்த லெட்டர் எதுக்கு?”

சௌமியா தாளை வாங்கிக்கொண்டு போய் அந்த வரியைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். அதை எடுத்துக்கொண்டு குழலி மாடிக்குப் போனாள். ஸ்ரீநாத் படித்துவிட்டு அந்த ஒரு வரியின் மேல் மட்டும் மெதுவாகக் கோடு போட்டார்.

“இது வேண்டாம் மேடம். சர்க்குலர்ல என்னமோ தப்பு இருந்த மாதிரி ஆயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், சிம்பிளா முடிச்சுக்கலாம்.”

“அப்ப இனிமே எங்க கவுண்டருக்கு வர்றதையாவது தமிழ்ல ஒரு வரி போட்டுக் குடுங்க சார்.”

“பாக்கறேன்” என்றார்.

புதுத் தாள் வந்தது. தவறாகப் புரிந்துகொண்டேன் என்பது இருந்தது. எப்படி என்பது இல்லை. குழலி கையெழுத்துப் போட்டாள். பேனா பேப்பரைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தினாள் என்று சலாம் பிற்பாடு சொன்னார்.

இதற்கெல்லாம் நடுவில் அழகர்சாமியின் நினைப்பு அவளை விடவில்லை. சர்க்கரைக்காரர், காலில் புண், மாத்திரை வாங்காமல் போய்விட்டார். பதிவில் இருந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. டாக்டர் எழுதியது கம்ப்யூட்டரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூர் போனாள். ரைஸ் மில்லுக்குப் பின்னால் வீடு என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. மில்லுக்குப் பின்னால் நிறைய வீடுகள் இருந்தன. தவிடு பறக்கும் சந்துகளில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டில் இல்லை. மனைவி இருளாயி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரியிலேருந்து வரேங்க. அன்னைக்கு ஐயா மாத்திரை வாங்காம வந்துட்டாரு.”

“அவரு அன்னைக்கே இங்க கடையில வாங்கிட்டாரே. புண்ணு இப்பப் பரவாயில்ல. வயலுக்குப் போயிருக்காரு” என்றார் இருளாயி. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் டோக்கன் இல்லாம தர மாட்டேன்னவங்களா?”

“ஆமாங்க.”

“அந்தக் காலோட எத்தனை தடவை நடக்க வச்சீங்க. வந்து அப்படித் திட்டினாரு.”

குழலி விஷயத்தைச் சொல்ல முயன்றாள். மேலேயிருந்து ஆர்டர் வந்தது, டோக்கன் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது, அதைத் தான் டோக்கன் வேண்டும் என்று படித்துவிட்டேன் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

“வேணாங்கறதை எப்படிங்க வேணும்னு படிப்பீங்க?” என்றார் இருளாயி. குத்தலாக இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

இரண்டு வித் பற்றி அந்த வாசலில் நின்று என்ன சொல்ல முடியும்?

“தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஆனா அவரு இனிமே அங்க வர மாட்டாரு. டோல்கேட்லயே ஒரு டாக்டரைப் பாத்துக்கறேன்னுட்டாரு” என்றார் இருளாயி. தண்ணீர் குடித்துவிட்டு, கொண்டுபோன மாத்திரைகளோடு அவள் பஸ் ஏறினாள். கொள்ளிடப் பாலத்தில் காற்று நன்றாக வந்தது. அவளுக்கு அது கூட எரிச்சலாக இருந்தது.

டோக்கன் இல்லாத கவுண்டர் எப்படி இருக்கும் என்று குழலிக்கு முதலிலேயே தெரியும். ஸ்ரீநாத்துக்குத் தெரியச் சில வாரங்கள் ஆயின. புரட்டாசி சனிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி, தலைவலி, வாந்தி என்று ஆஸ்பத்திரிக்கும் வந்தது. வரிசை என்று ஒன்றே இல்லை. ட்ரஸ்டி ஒருவரின் உறவினரே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு புகார் செய்த பிறகுதான் மாடியில் யோசித்தார்கள்.

அடுத்த சர்க்குலர் வந்தது. இந்த முறை ஆங்கிலத்துக்குக் கீழே, கேட்டுக்கொண்டபடி, ஒரு வரி தமிழும் இருந்தது. ‘மருந்தகத்தில் டோக்கன் முறையானது திங்கள் முதல் மீள எடுக்கப்படும்.’

குழலி தமிழை மட்டும் படித்தாள். திரும்பப் படித்தாள். சலாமிடம் காட்டினாள்.

“எடுக்கப்படும்னா, எடுத்துடுவாங்களா, இல்ல எடுத்துக்குவாங்களா?” என்றார் சலாம்.

“அதான் எனக்கும் தெரியலை.”

அவள் கவுண்டரை அவரிடம் விட்டுவிட்டு மாடி ஏறினாள். ஸ்ரீநாத் யாரோடோ போனில் இருந்தார். முடிக்கும் வரை நின்றாள்.

“சார், டோக்கன் வருதா, போகுதா?”

“தமிழ்லதானே போட்டிருக்கேன் மேடம்.”

“தமிழ்லதான் சார் இருக்கு. வருதா, போகுதா? அதை மட்டும் வாயால சொல்லிடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் செல்போனில் தான் எழுதியதைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்தார். “வருது” என்றார்.

“அப்ப ‘திங்கள்லேருந்து டோக்கன் உண்டு’ன்னு போட்டிருக்கலாமே.”

“சர்க்குலர்னா அதுக்குன்னு ஒரு முறை இருக்கு” என்றார் அவர், பாதி தனக்கே சொல்வது போல.

குழலி கீழே வந்து முன்னறையில் சௌமியாவிடம் சொன்னாள். “சாரையே கேட்டுட்டேன். வருதாம். திங்கட்கிழமை மெஷினை ஆன் பண்ணிடுங்க.”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் இருந்துச்சு மேடம், தமிழைப் படிச்சதும் சந்தேகமாயிடுச்சு” என்றாள் சௌமியா. மெஷின் மேலிருந்த உறையை அப்போதே எடுத்து மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை எல்லோரும் ஒரே அர்த்தத்தில்தான் வந்து நின்றார்கள். ஆனால் மெஷினுக்குள் வைக்கும் பேப்பர் ரோல் இல்லை. டோக்கன் நின்றுபோனபோது ரோல் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்களாம். புதிதாக வாங்க ஆர்டர் போட்டு, சரக்கு வர புதன்கிழமை ஆகும் என்று ஸ்டோரில் சொன்னார்கள்.

குழலி பல்லைக் கடித்துக்கொண்டாள். மருந்து கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன விளம்பரத் தாள்கள் ரேக்குக்கு அடியில் கட்டாகக் கிடந்தன. அவற்றை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தாள். பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று மார்க்கரால் எழுதினாள். பாதியைச் சௌமியாவிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு கண்ணாடி ஓட்டைக்கு அருகே குனிந்து, தொண்டை வற்ற, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட ஆரம்பித்தாள். நாலாம் நம்பரைக் கூப்பிட்டபோது பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டது.

“ஒரே ஒரு மாத்திரைதாங்க” என்றார் அந்தக் கைக்குரியவர்.